பாட்டியின் குரலுக்குள் ஒரு ‘ம்ம்ம்...’
பழைய கணினியைச் சத்தமில்லாமல் ஆக்க முடியுமா? அதற்கு எந்த லினக்ஸ் ஏற்றது?

கடந்த செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பசியாறி முடித்த கையோடு பாட்டியை என் அறைக்கு அழைத்து வந்து கணினி மேசைக்கு முன்னால் உட்கார வைத்தேன். பாட்டிக்கு வயது 86. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். அவருடைய அப்பா, ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடக் கொண்டு போகப்பட்டவர். திரும்பி வரவில்லை.

“இந்த மைக்கப் பாத்தாலே பேச்சு வரலையே கண்ணு” என்று கூச்சப்பட்ட பாட்டி, ஆரம்பித்த பிறகு நாற்பது நிமிடம் நிறுத்தவில்லை. லயத்து வீடு, ஆயாக்கொட்டகை, விடியற்காலை பெரட்டு, சயாமிலிருந்து உயிரோடு திரும்பி வந்து தன் அம்மாவிடம் சேதி சொன்ன மனிதரின் பெயர் என்று எல்லாவற்றையும் சொன்னார். நான் வானொலியில் அறிவிப்பாளர். எத்தனையோ பேரைப் பேட்டி எடுத்திருக்கிறேன். சொந்தப் பாட்டியைப் பேட்டி எடுத்தது அன்றுதான் முதல் முறை.

இரவு காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்டபோதுதான் வயிறு கலங்கியது. பாட்டி பேசும்போதெல்லாம் பின்னால் ‘ம்ம்ம்...’ என்று ஓர் இரைச்சல். பாட்டி மூச்சு வாங்க நிறுத்துகிற இடங்களில் அது இன்னும் பெரிதாகக் கேட்டது. பாட்டியின் குரலோ மெல்லியது. வில்லன் வேறு யாருமில்லை, என் காலடியில் இருந்த கணினிப் பெட்டிதான்.

2016-ல் வாங்கியது. இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க், அக்கா மகன் விளையாடுவதற்காகப் பின்னால் சேர்த்த ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. போதாக்குறைக்கு, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிகிறது என்ற அறிவிப்பு திரையில் வந்து நின்றது. ஒரு கடையில் கேட்டேன். “இதை ஓரமா வச்சிட்டுப் புதுசு வாங்கிடுங்க, மூவாயிரம் வெள்ளி வரும்” என்றார்கள். எங்கள் நிலையத்தில் ஒலிப்பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். “வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ காது குடுத்துக் கேளும்மா. சத்தம் எங்கேருந்து வருதுன்னு தெரியாம எத வாங்கினாலும் இதே கததான்.”

அந்த ஒரு வாக்கியத்தில் தொடங்கிய மூன்று மாத முயற்சியைத்தான் உங்களிடம் பகிர்ந்துகொள்கிறேன்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

கையில் இருக்கிற இந்தப் பத்திரிகையையே குழல் போலச் சுருட்டுங்கள். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கணினிப் பெட்டியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் கொண்டு போங்கள். எந்த இடத்திலிருந்து எந்தச் சத்தம் வருகிறது என்பது நன்றாகப் பிரிந்து கேட்கும்.

என் பெட்டியில் நான்கு ஆட்கள் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தார்கள். ஹார்ட் டிஸ்க், செயலியின் மேலிருக்கும் மின்விசிறி, கிராஃபிக்ஸ் கார்டின் குட்டி மின்விசிறி, மின்சாரப் பெட்டிக்குள் இருக்கும் மின்விசிறி. ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வகை. அதாவது நொடிக்கு 120 சுற்று. அந்த 120 ஹெர்ட்ஸ் அதிர்வு பெட்டியின் தகரத்துக்கும், தகரத்திலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து மைக்குக்கும் ஏறுகிறது. நான் கேட்ட ‘ம்ம்ம்’ பெரும்பாலும் இதுதான்.

மின்விசிறிகளின் கதை வேறு. அவை வேகமாகச் சுற்றச் சுற்ற இரைச்சல் பல மடங்கு ஏறும். ஒரு மின்விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே நம் காதுக்குப் பாதிச் சத்தம் போலத் தோன்றும். ஆகவே மின்விசிறியை முழுக்க நிறுத்தத் தேவையில்லை. அது மெதுவாகச் சுற்றும்படி செய்தாலே போதும்.

நம் நாட்டில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. மத்தியானம் அறையே 32 பாகை வெப்பத்தில் கொதிக்கும்போது, பெட்டிக்குள் இருக்கும் செயலி அதைவிடக் குளிர்ச்சியாக இருக்க முடியாது. அதற்கு மேல் தூசி. நான் பெட்டியைத் திறந்தபோது செயலியின் மின்விசிறிக்கு அடியில் கம்பளி போல ஒரு படலம் கிடந்தது. நம் கணினிகள் கத்துவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் இந்த அழுக்குதான்.

இயங்குதளத்துக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

செயலி வேலை செய்தால் சூடாகும். சூடானால் மின்விசிறி வேகமெடுக்கும். நாம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போதும் இயங்குதளம் பின்னணியில் ஏதாவது செய்துகொண்டே இருக்கும். கோப்புகளை அட்டவணைப்படுத்தும், வைரஸ் தேடும், புதுப்பிப்புகளை இறக்கும். என் பழைய கணினியில் பாட்டி பேசிக்கொண்டிருக்கும்போதே ஹார்ட் டிஸ்க் ‘கடகட’ என்று ஓடியது அதனால்தான்.

லினக்ஸ் வந்தால் மந்திரம் போட்டது போலச் சத்தம் நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பின்னணியில் என்னென்ன ஓட வேண்டும், புதுப்பிப்பு எப்போது நடக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம். பதிவு செய்யும் ஒரு மணி நேரம் கணினி வாயை மூடிக்கொண்டிருக்கும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் என் விண்டோஸ் 10. அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அதற்குப் பிறகு? விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியையும் கேட்கிறது. ஆறாம் தலைமுறைக்கு அங்கே இடமில்லை. நன்றாக ஓடுகிற கணினியை மின்கழிவாகத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

நமக்குப் புதியதல்ல

1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பல்கலைக்கழக மாணவர் எழுதத் தொடங்கிய கெர்னல்தான் லினக்ஸ். இன்று நாம் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அடித்தளமும் அதுவே. நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டிலேயே பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை மாம்பு வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சேர்த்து பாஸ் லினக்ஸும் மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அது சிடாக் நிறுவனம் உருவாக்கிய, தமிழிலும் இயங்கக்கூடிய இந்திய லினக்ஸ். பக்கத்துக் கேரளாவின் அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடமே லினக்ஸில்தான்.

கணினித் தமிழ் என்றாலே மலேசியர்களான நமக்கு ஒரு பெருமை உண்டு. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம்மவர். அதே அக்கறையோடு லினக்ஸ் திரைகளைத் தமிழாக்கியவர்கள் தமிழ்நாடு, இலங்கை, நம் நாடு, மேற்கு நாடுகள் என்று பரவிக் கிடந்த தன்னார்வலர்கள். சம்பளம் வாங்காமல் செய்த வேலை அது. முதன்முறை ‘கோப்புகள்’, ‘அமைப்புகள்’ என்று திரையில் தமிழைப் பார்த்தபோது எனக்கு அவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

எத்தனை லினக்ஸ்? ஏன் இத்தனை?

லினக்ஸ் என்று கடையில் ஒரே பொருள் கிடையாது. கெர்னல் ஒன்றுதான், அதோடு எந்தெந்த மென்பொருள்களைச் சேர்த்துக் கொடுப்பது என்பதை ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக முடிவு செய்கிறது. இந்தத் தொகுப்பைத்தான் வழங்கல் என்கிறார்கள். நாசி லெமாக் மாதிரி. எல்லாக் கடையிலும் தேங்காய்ப்பால் சோறுதான், சம்பல்தான் கடைக்குக் கடை மாறுகிறது.

என்னைப் போன்றவர்கள் பார்க்க வேண்டியவை ஒரு கைக்குள் அடங்கும்.

உபுண்டு: 2004 முதல் வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள் இலவசப் புதுப்பிப்பு உண்டு. எந்தச் சந்தேகத்துக்கும் இணையத்தில் விடை கிடைக்கும். திரையமைப்பு விண்டோஸ் மாதிரி இருக்காது.

லினக்ஸ் மிண்ட்: உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது. கீழே பட்டை, மூலையில் மெனு என்று விண்டோஸ் பழகியவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. இப்போதைய 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு. 2 ஜிபி ரேம் இருந்தால் ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதி. சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகங்கள். மிகப் பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ.

டெபியன்: 1993-ல் தொடங்கியது. உபுண்டுவுக்கே இதுதான் தாய். 2025 ஆகஸ்டில் 13-ஆம் பதிப்பு வந்தது. அடிக்கடி மாறாது, நம்பகமானது. ஆனால் ஆரம்பத்தில் சிலவற்றை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபெடோரா: புதிய வசதிகள் முதலில் வந்து சேரும் இடங்களில் ஒன்று. சுமார் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஆதரவு ஏறக்குறைய பதின்மூன்று மாதங்கள்தான். கணினியோடு நேரம் செலவழிக்கப் பிடித்தவர்களுக்கு நல்லது.

உபுண்டு ஸ்டூடியோ: ஒலி, ஒளிப் பணிகளுக்கான மென்பொருள்கள் முன்கூட்டியே நிறைந்தது. இசையமைப்பவர்களுக்கு வரம். ஒரே ஒரு குரலைப் பதிவு செய்ய இத்தனை தேவையில்லை.

மூன்று வார இறுதிகள், மூன்று லினக்ஸ்

லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், நிறுவாமலேயே சோதித்துப் பார்க்கலாம் என்பது. கோப்பை இறக்கி ஒரு யுஎஸ்பி பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். நீங்களாக ‘நிறுவு’ என்று அழுத்தும் வரை உள்ளே இருக்கும் விண்டோஸ் அப்படியே இருக்கும்.

மிண்ட், டெபியன், ஃபெடோரா மூன்றையும் வாரத்துக்கு ஒன்றாகச் சோதித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரே பரீட்சை. அரை மணி நேரம் சும்மா விட்டுக் காது கொடுப்பது, பிறகு யூடியூபில் ஒரு படம் ஓட விடுவது, வைஃபை, பிரிண்டர், மைக் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது, கணினியைத் தூங்க வைத்து எழுப்புவது. செலாயாங்கில் மொத்தச் சந்தைக்குப் போகும் லாரிகள் விடியும் முன்பே ஓட ஆரம்பித்துவிடும். அதனால் நள்ளிரவு தாண்டித்தான் சோதனை.

முடிவு என்ன தெரியுமா? சத்தத்தில் மூன்றுக்கும் இடையே என் காதுக்குப் பெரிய வித்தியாசமே தெரியவில்லை! சும்மா இருக்கும்போது மூன்றிலும் செயலிக்கு வேலை மிகக் குறைவு, மின்விசிறி மெதுவாகவே சுற்றியது. கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் மூன்றிலும் கத்தியது. அதனால் என் கேள்வியே மாறிப்போனது. ‘எது அமைதியானது’ என்பதை விட்டுவிட்டு, ‘எதை இந்த வீட்டில் என் உதவி இல்லாமல் எல்லோராலும் பயன்படுத்த முடியும்’ என்று கேட்டேன். அம்மா வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும். அக்கா மகன் டெலிமாவில் பள்ளி வேலை செய்ய வேண்டும். எனக்குப் பதிவு வேண்டும். மிண்டின் சினமன் பதிப்பைப் பார்த்த அம்மா எதுவும் கேட்காமல் உலாவியைத் திறந்தார். அத்தோடு தேர்வு முடிந்தது.

உண்மையில் அமைதி தந்தவை

சத்தத்தைக் குறைத்தது சின்னச் சின்ன வேலைகள்தான். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டேன். அதில் சுழலும் பாகமே இல்லை. கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, செயலியோடு வரும் கிராஃபிக்ஸையே பயன்படுத்தினேன். அக்கா மகன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தூசியைத் துடைத்து, செயலிக்கும் அதன் மேலுள்ள உலோகத்துக்கும் இடையே காய்ந்துபோன வெப்பப் பசையைப் புதிதாகத் தடவினேன். சத்தம் போட்ட பின்பக்க மின்விசிறிக்குப் பதிலாக மெதுவாகச் சுற்றும் பெரிய மின்விசிறி ஒன்று. லோ யாட்டில் ஒரு மத்தியானம் அலைந்ததில் எல்லாம் சேர்த்து இருநூறு ரிங்கிட்டுக்குள் முடிந்தது.

மின்விசிறி எந்த வெப்பத்தில் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை, கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பிலேயே வைத்துவிடுங்கள். சில தாய்ப்பலகைகளின் மின்விசிறி உணரிகளை லினக்ஸ் அடையாளம் காணாது. பயாஸில் வைத்துவிட்டால் எந்த இயங்குதளம் போட்டாலும் அது மாறாது. பிறகு மிண்டின் மின்சக்தி அமைப்பில் சிக்கன முறை இருந்தால் பதிவு நேரத்தில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். தனி கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம் வேண்டும் என்பவர்கள், குறிப்பாக பழைய என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள், அதற்கான இயக்கி கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். சரியான இயக்கி இல்லாவிட்டால் கார்டின் மின்விசிறி அடங்காது.

தமிழ் எழுத முடியுமா?

தாராளமாக. உள்ளீட்டு முறையில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிப்பு முறை, தட்டச்சு முறை எல்லாம் கிடைக்கின்றன. சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள். லிப்ரே ஆபீஸில் தமிழ்க் கட்டுரை, கடிதம் எல்லாம் எழுதலாம். இந்தக் கட்டுரையும் அந்தக் கணினியில்தான் எழுதப்பட்டது.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாமே இனிப்பு என்று சொன்னால் பொய்யாகிவிடும். மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் கணினிப் பதிப்பும் ஃபோட்டோஷாப்பும் லினக்ஸுக்கு வருவதில்லை. ஆபீஸை உலாவியில் பயன்படுத்தலாம். வேலோரண்ட் போன்ற சில விளையாட்டுகள் ஓடாது. அலுவலகத்துக்கென்று தனி மென்பொருள் தேவைப்படுபவர்கள் முதலில் அதை விசாரித்துவிட்டு மாறுங்கள். உலாவியில் திறக்கும் வங்கி, வருமான வரி, டெலிமா வேலைகளுக்கு எங்கள் வீட்டில் இதுவரை தடங்கல் இல்லை.

மிக முக்கியம், நிறுவும் முன் படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் பிரதி எடுங்கள். அந்தப் பிரதி திறக்கிறதா என்று இன்னொரு கணினியில் பாருங்கள். ‘முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவு’ என்ற தெரிவை அழுத்தினால் பழையது திரும்பாது. நான் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் புதிய எஸ்எஸ்டியில் நிறுவினேன்.

மறுபடியும் பாட்டி

டிசம்பரில் பாட்டி மீண்டும் வந்தார். அதே அறை, அதே மைக். இந்த முறை மைக்கின் முதுகு கணினியைப் பார்த்திருந்தது, பாட்டியின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில். கூரை மின்விசிறியையும் நிறுத்தினேன். ஆடாசிட்டியில் முதல் பத்து நொடி யாரும் பேசாமல் அறையின் அமைதியைப் பதிவு செய்தேன். பின்னால் இரைச்சலை நீக்க அந்தப் பத்து நொடிதான் அளவுகோல்.

பதிவு பளிங்கு மாதிரி வந்தது. பாட்டி எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. ஆனால் சயாமிலிருந்து திரும்பி வந்தவரின் கதைக்கு வந்தபோது பாட்டி நிறுத்தினார்.

“அவரு பேரு... என்ன கண்ணு... நாக்குல நிக்கிது, வர மாட்டேங்குது.”

வெகு நேரம் காத்திருந்தோம். வரவில்லை. அவருடைய ஊரும் வரவில்லை. மூன்று மாதத்தில் ஒரு பெயர் காணாமல் போயிருந்தது.

அன்றிரவு பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மாட்டி, செப்டம்பர் பதிவைத் திறந்தேன். அந்த ‘ம்ம்ம்’ நடுவே பாட்டி அந்தப் பெயரைத் தெளிவாகச் சொல்கிறார். இரண்டு வார்த்தைகளுக்கு இடையே கணினி மட்டும் ஒலித்த மூன்று நொடியை ஆடாசிட்டியில் அளவாகக் கொடுத்து இரைச்சலைக் குறைத்தேன். முழுதாகப் போகவில்லை. கொஞ்சம் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. இருந்தாலும் பெயர் கேட்கிறது. மறுநாள் காலை பாட்டிக்குப் போட்டுக் காட்டினேன். “ஆமா, அவருதான்” என்றார்.

அந்தக் கோப்பு இப்போது கணினியிலும், வெளி டிஸ்க்கிலும், அக்கா வீட்டிலும் இருக்கிறது.

ஆகவே, உங்கள் வீட்டுப் பழைய கணினியைத் தூக்கிப் போடும் முன் ஒரு பென்டிரைவில் மிண்டைப் போட்டுப் பாருங்கள். அதற்கெல்லாம் நேரம் எடுக்கும். அதுவரை காத்திருக்காதீர்கள். கையில் கைபேசி இருக்கிறதல்லவா? இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் பாட்டியையோ தாத்தாவையோ உட்கார வைத்துப் பேச விடுங்கள். இரைச்சலை நான் செய்தது போலப் பிறகு குறைத்துக்கொள்ளலாம்.